புதுப் பொருளின் பழுது

புதிதாக வாங்கிய பொருளில் பழுது கண்டால், நம்மவர் முதலில் தேடுவது உள்ளூர்ப் பட்டறையையே, விற்றவரை அன்று. இவ்வழக்கம் கைவிடத்தக்கது என்பது நமது துணிபு.

அமெரிக்காவில் ரெமிங்டன் நிறுவனத்தார் 1962இல் வெளியிட்ட 700 எனும் வேட்டைத் துப்பாக்கி பெயர் பெற்றது. 2006 மே முதல் 2014 ஏப்ரல் வரை அதற்கெனச் செய்த விசைகளுள் சில, விரல் தீண்டாமலே வெடிக்கச் செய்யக்கூடும் என்று 2014இல் அந்நிறுவனமே அறிவித்தது. உறுப்புகளைப் பொருத்துகையில் ஒட்டுப்பசை மிகுந்துவிட்டமையே காரணம். உடனே உபயோகத்தை நிறுத்துக, தாமே பழுது பார்க்க முயலற்க, திருப்பி அனுப்புக, செலவு எம்முடையது என்பதே அவ்வறிவிப்பின் சாரம்.

நமக்கும் இதுவே நெறி. நாமறிந்த அங்கத்தினர் ஒருவர் தமது புதிய மருந்து தெளிப்பானின் கசிவை உள்ளூரில் பற்றவைத்தார். மீண்டும் கசிந்தது. முறையிட்டபோது, "நீரே பிரித்தீர்" என்று விற்றவர் கைவிரித்தார். முதுகில் மருந்து வழிந்த புண்ணே அவருக்கு மிச்சம்.

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, சுயதொழிலால் பிழைக்கும் பொருட்டு மட்டுமே தறியோ தெளிப்பானோ வாங்கியவரும் நுகர்வோரே. தாம் வசிக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே 2 ஆண்டுகளுக்குள் முறையிடலாம்.

ஆகவே அன்பர்களே, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பழுதை எழுத்தில் தெரிவியுங்கள். கடிதம் எழுதச் சங்கக் காரியதரிசியின் உதவியை நாடுங்கள். கொடுத்த பணத்துக்குக் குறையற்ற பொருள் கேட்பது இரப்பன்று, உரிமை.