இசிஜி எடுக்கச் சொல்வது காசு பிடுங்கும் வேலையா?

காலை நடைக்கு வரும் நண்பர்களிடையே ஒரு பேச்சு அடிக்கடி அடிபடுகிறது. "படபடப்புக்கு மாத்திரை கொடுத்தாச்சு, படபடப்பும் நின்னு போச்சு. அப்புறமும் இசிஜி எடுத்துட்டு வா, ரத்தம் கொடுன்னா என்ன அர்த்தம்? எல்லாம் காசு பிடுங்குற வேலை சார்!"

ஆஸ்பத்திரிகள் காசு பிடுங்குவதே இல்லை என்று வாதாட நான் வரவில்லை. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அந்தப் பேச்சு தப்பு. ஆளையே கொல்லக்கூடிய தப்பு.

துடிப்பை ஒழுங்குபடுத்தத் தரும் மருந்தே சிலருக்குத் துடிப்பைத் தாறுமாறாக்கிவிடும். அமெரிக்காவில் மாரடைப்பிலிருந்து பிழைத்தவர்களுக்கு, இடையிடையே வரும் உபரித் துடிப்பை அடக்க என்கெய்னைடு, ஃப்ளெகெய்னைடு என்ற மருந்துகளைக் கொடுத்துவந்தார்கள். துடிப்பு அடங்கியது, எல்லோருக்கும் திருப்தி. பிறகு 'காஸ்ட்' என்ற ஆய்வில் ஒரு சாராருக்கு மருந்தையும் இன்னொரு சாராருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரையையும் கொடுத்துப் பார்த்தார்கள். 1989இல் அந்த மருந்துகளைப் பாதியிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. சராசரியாகப் பத்து மாதத்தில், மருந்து சாப்பிட்ட 755 பேரில் 63 பேர் போய்விட்டார்கள். வெறும் மாத்திரை சாப்பிட்ட 743 பேரில் இறந்தவர்கள் 26 பேர்தான். "படபடப்பு நின்னு போச்சு" என்பதை அத்தாட்சியாகக் காட்டுகிறவர்கள் இந்தக் கணக்கைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

நம் வயதுக்காரர்கள் சிலர் சாப்பிடும் சோட்டலால், அமியோடரோன் வேறு வகை. ஒவ்வொரு துடிப்புக்கும் பிறகு இதயம் அடுத்ததற்குத் தயாராகும் நேரத்தை இவை நீட்டுகின்றன. இசிஜியில் அதற்குப் பெயர் க்யூடி. தாளில் ஒரு சின்னக் கட்டம் 40 மில்லிசெகண்ட். நாடி வேகத்துக்கு ஏற்பத் திருத்திய க்யூடி 500ஐ, அதாவது பன்னிரண்டரைக் கட்டத்தைத் தாண்டினால் டாக்டர் உஷாராகிவிடுவார். அதற்கு மேல் போனால் இதயம் முறுக்கிக்கொண்டு கண்டபடி துடித்து, ஆள் மயங்கி விழலாம், உயிரும் போகலாம். அமியோடரோனில் இது அபூர்வம், சோட்டலாலில் அவ்வளவு அபூர்வமில்லை. க்யூடி நீளும்போது வலி கிடையாது, படபடப்பும் கிடையாது. தாளில் மட்டும்தான் தெரியும்.

"போன வருஷம் எடுத்தது சரியாத்தானே இருந்தது?" என்பார்கள். போன வருஷத்துச் சிறுநீரகமா இப்போது இருக்கிறது? சோட்டலால் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகிறது. அது மந்தமானால் அதே மாத்திரை உடம்பில் தேங்கும். பேதியிலோ, நீர் பிரிய எடுக்கும் மாத்திரையிலோ பொட்டாசியம் இறங்கினாலும் ஆபத்து கூடும். அதற்குத்தான் ரத்தப் பரிசோதனை.

என் கோபமெல்லாம் மருந்துக்கடைகள் மீதுதான். சளிக்கு அசித்ரோமைசின், வாந்திக்கு டோம்பெரிடோன் என்று கடலை மிட்டாய் மாதிரி எடுத்துக் கொடுக்கிறார்கள். இரண்டுமே க்யூடியை நீட்டக்கூடியவை. "வேறென்ன மாத்திரை சாப்பிடறீங்க?" என்று எங்கள் பக்கத்துக் கடையில் இதுவரை ஒருவர்கூட என்னைக் கேட்டதில்லை. டாக்டர்களும் எதற்காக இசிஜி என்று இரண்டு வரி விளக்கிச் சொன்னால் இந்தக் காசுப் பேச்சே எழாது.

இதைப் படித்துவிட்டு நாளைக்கே மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அதுவும் ஆபத்து. அமியோடரோனை நிறுத்தினாலும் அது வாரக்கணக்கில், ஏன் மாதக்கணக்கில்கூட உடம்பை விட்டுப் போகாது. வேறு டாக்டரிடம் போனால் அதையும் சொல்ல வேண்டும்.

பழைய இசிஜியோடு ஒப்பிட்டால்தான் மாற்றம் தெரியும். அந்த வழவழப்புத் தாள் சில வருஷத்தில் வெளுத்துவிடுகிறது. ஒரு ஜெராக்ஸ் எடுத்து ஃபைலில் வையுங்கள்.