ஓட்டுநர் உறங்க ஓர் இடம்

கேரளத்தின் வடகரை அருகே கரிம்பனப்பாலத்தில், தேசிய நெடுஞ்சாலை ஓரம் நின்றிருந்த ஒரு கேரவனுக்குள் 2024 டிசம்பர் 23 அன்று இருவர் இறந்து கிடந்தார்கள். வண்டி நெடுநேரமாக நகராமல் நிற்பதைப் பார்த்து ஊர்க்காரர்கள் சந்தேகப்பட்ட பிறகுதான் விஷயம் வெளியே தெரிந்தது. ஏசிக்காக ஜெனரேட்டரை ஓடவிட்டுப் படுத்திருக்கிறார்கள். அதன் புகையிலிருந்த கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்ததே சாவுக்குக் காரணம் என்று கோழிக்கோடு என்ஐடி நிபுணர்கள் ஆய்வு செய்து சொன்னார்கள். மின் இணைப்பும் காவலும் உள்ள ஓர் இடத்தில் அந்த வண்டி நின்றிருந்தால் ஜெனரேட்டருக்கே வேலை இருந்திருக்காது.

இத்தனைக்கும் கேரவன்களுக்கென்று ஒரு கொள்கையையே வகுத்த மாநிலம் கேரளம். 2021 செப்டம்பரில் ‘கேரவன் கேரளா’ திட்டத்தை அறிவித்தார்கள். குறைந்தது 50 சென்ட் நிலமும் ஐந்து வண்டிகள் நிற்க இடமும் இருந்தால் கேரவன் பூங்கா அமைக்கலாம். வண்டி வாங்குவோருக்கு மானியமும் அறிவித்தார்கள். முதல் பூங்கா 2022 பிப்ரவரியில் இடுக்கி மாவட்டம் வாகமணில் திறக்கப்பட்டது. சாலையில் ஓடும் வண்டிக்கு இரவில் நிலம் வேண்டும், தண்ணீர், மின்சாரம், கழிப்பறை, காவல் வேண்டும் என்பதை ஓர் அரசு தன் கொள்கையில் ஒப்புக்கொண்டதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். அந்த ஒப்புதல் சுற்றுலாப் பயணியோடு நின்றுவிட்டது என்பதுதான் என் குறை. பாலக்காடு, இடுக்கி எல்லைகளில் இரவுதோறும் வண்டிக்குள்ளேயே படுத்து எழுபவர்களில் கேரவன்காரர்கள் மிகச் சிலர். மற்றவர்கள் லாரி, வேன், டூரிஸ்ட் பஸ் ஓட்டுநர்கள். அவர்களில் பலர் நம் தமிழ்நாட்டுக்காரர்கள்.

கோவை–பாலக்காடு எல்லையிலுள்ள வாளையாறை எடுத்துக்கொள்வோம். சேலம், நாமக்கல், திருப்பூர், கோவையிலிருந்து கொச்சி நோக்கிப் போகும் சரக்கெல்லாம் 544ஆம் எண் நெடுஞ்சாலை வழியே பாலக்காட்டுக் கணவாயைத்தான் கடக்கிறது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வரும்வரை வணிகவரிச் சோதனைச்சாவடி வரிசையே ஓட்டுநர்களின் இரவுத் தங்கலாக இருந்தது. அங்கேயே ஸ்டவ் பற்றவைத்துச் சமைப்பார்கள், வண்டிக்கடியில் படுப்பார்கள். அந்த வரிசை ஒழிந்தது நல்லதே. ஆனால் அதற்குப் பதிலாக ஓய்விடம் எதுவும் வரவில்லை. இன்று டீசல் போட்டால் பெட்ரோல் பங்க் வாசலில் நிறுத்தலாம், சாப்பிட்டால் ஓட்டல் முற்றத்தில் நிறுத்தலாம். இரண்டும் வாய்க்காதவர் அருகிலுள்ள கஞ்சிக்கோடு தொழிற்பகுதியில் ஆலைக் கதவு திறக்கும்வரை சாலையோரமே கதி என்று கிடக்கிறார். டீசல் திருட்டு, பேட்டரி திருட்டு, தார்ப்பாயைக் கிழித்துச் சரக்கு உருவுவது ஆகியவற்றுக்கு அஞ்சி அரைத்தூக்கம். கிளீனர் இல்லாமல் ஒற்றை ஆளாக ஓட்டுபவருக்கு அதுவும் கிடையாது.

இடுக்கிப் பக்கம் நிலைமை இன்னும் சிக்கலானது. கார்த்திகை பிறந்தால் தேனி மாவட்டத்திலிருந்து சபரிமலை வண்டிகள் மலையேறத் தொடங்கும். நெரிசல் கூடும் நாள்களில் கம்பம்மெட்டு வழியாக ஏறி, குமுளி வழியாக இறங்கும்படி ஒருவழிப் பாதையாக்குகிறார்கள். பக்தர்கள் வண்டியில் உறங்கலாம், ஓட்டுநருக்கு அது முடியாது. அவர்கள் பம்பையிலிருந்து மலையேறும் நேரத்தில், வண்டிகள் நிறுத்தப்படும் நிலக்கல் மைதானத்து இரைச்சலுக்கும் ஒலிபெருக்கிக்கும் நடுவே சீட்டைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொள்வதுதான் அவருடைய ஓய்வு. தரிசனம் முடிந்ததும் ‘விடிவதற்குள் ஊர் போய்ச் சேரலாம், கிளம்புங்கள்’ என்பார்கள். 2022 டிசம்பரில் சபரிமலையிலிருந்து திரும்பிய ஆண்டிபட்டிப் பக்தர்களின் வாகனம் குமுளி மலைப்பாதையில் இரவில் பள்ளத்தில் கவிழ்ந்து எட்டுப் பேர் இறந்தார்கள். அந்த ஒரு விபத்துக்கு எது காரணமானாலும், குமுளியில் வண்டியை நிறுத்தி விடியும்வரை படுக்க நல்ல இடம் இருந்தால் பல வண்டிகள் இரவில் மலையிறங்க வேண்டியிராது.

மலையில் எங்கே நிறுத்துவது என்பது உயிர்ப் பிரச்சினை. 2024 ஜூலை 16 அன்று கர்நாடகத்தின் ஷிரூரில் மண் சரிந்த இடம், நெடுஞ்சாலையோர டீக்கடை ஒன்றின் முன்பு லாரிகள் வழக்கமாக நின்று இளைப்பாறும் இடம். கோழிக்கோட்டு லாரி ஓட்டுநர் ஒருவரோடு தமிழ்நாட்டு டேங்கர் லாரி ஓட்டுநர்களும் அங்கே மாண்டார்கள். மூணாறு–போடிமெட்டுச் சாலையின் கேப் ரோடு பகுதியும் மழைக்காலத்தில் திரும்பத் திரும்பச் சரிகிறது. மழை வலுத்தால் மாவட்ட நிர்வாகம் இரவுப் போக்குவரத்துக்குத் தடை போடுகிறது. தடை சரியானதே. அப்படித் தடுக்கப்பட்ட வண்டி அந்த இரவு எங்கே நிற்கும் என்பதையும் அந்த உத்தரவே சொல்ல வேண்டாமா? சரிவுக்கு அடியில் உள்ள டீக்கடை வாசலில் நிற்பதற்குச் சாலையில் ஓடுவதே மேல் என்றாகிவிடக் கூடாது.

தூக்கமின்மையின் விலை 544ஆம் எண் நெடுஞ்சாலைக்குத் தெரியும். 2020 பிப்ரவரி 20 அதிகாலை, கேரளத்திலிருந்து வந்த கண்டெய்னர் லாரி அவிநாசி அருகே தடுப்பைத் தாண்டி, எதிரே வந்த கேரள அரசுப் பேருந்தில் மோதியதில் 19 பேர் இறந்தார்கள். லாரி ஓட்டுநர் கண்ணயர்ந்துவிட்டார் என்றே சொல்லப்பட்டது. 2022 அக்டோபர் 5 இரவு பாலக்காடு மாவட்டம் வடக்கஞ்சேரியில், ஊட்டிக்குப் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச்சென்ற டூரிஸ்ட் பஸ் ஒன்று அரசுப் பேருந்தின் பின்னால் மோதியது. இறந்தவர்கள் ஒன்பது பேர். அதன் ஓட்டுநர் வேளாங்கண்ணிப் பயணம் முடித்து வந்த கையோடு இந்தப் பயணத்துக்குக் கிளம்பியவர் என்று அப்போது செய்திகள் வந்தன. வேகமும் அவர்மீது வைக்கப்பட்ட குற்றச்சாட்டு. அவரைத் தண்டிப்பது எளிது. உறங்காத ஒருவரை மீண்டும் சாலைக்கு அனுப்பும் ஏற்பாட்டை மாற்றுவதுதான் கடினம்.

சட்டம் இல்லாமல் இருந்ததில்லை. 1961ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வேலை வரம்பு வைத்தது. தொழிலாளர்கள் இரவு தங்க நேரும் இடங்களில் ஓய்வறையோ தகுந்த மாற்று ஏற்பாடோ செய்து தருவது முதலாளியின் கடமை என்றும் சொன்னது. ஒன்றிரண்டு லாரி வைத்திருக்கும் உரிமையாளர், தன் வண்டி போகும் ஊரிலெல்லாம் அறை கட்ட முடியாது. ஐந்து பேருக்குக் குறைவாக வேலை செய்யும் நிறுவனங்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தவும் இல்லை. ஓய்விடம் பொதுவில் அமைய வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான காரணம் வேண்டியதில்லை.

பங்க்காரரையும் ஓட்டல்காரரையும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. இத்தனை ஆண்டுகளாக ஓட்டுநர்கள் உறங்கியது அவர்கள் தயவில்தான். ஆனால் காலையில் அசுத்தத்தைக் கழுவுவதும், திருட்டு நடந்தால் காவல் நிலையத்துக்குப் போய் நிற்பதும் அவர்களே. அமெரிக்காவிலும் பெரிய கடைகளின் வாகன நிறுத்துமிடங்களில் பயண வண்டிகள் இரவு தங்குவது கடை மேலாளரின் சம்மதத்தைப் பொறுத்தது. உள்ளாட்சி தடுத்தால் அதுவும் இல்லை. ஜப்பான் வேறு வழியில் போனது. 1993 முதல் அங்கே உள்ளாட்சிகள் சாலையோர நிலையங்களை அமைத்து வருகின்றன. இருபத்துநான்கு மணி நேரமும் இலவச நிறுத்துமிடமும் கழிப்பறையும் உண்டு. அங்கேயே உள்ளூர் விளைபொருள் விற்பனை. இன்று அவை ஆயிரத்துக்கும் மேல்.

நம்மிடமும் துண்டுதுண்டாக முயற்சிகள் உண்டு. பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்கள் தங்கள் பங்க்குகளில் ‘அப்னா கர்’ என்ற பெயரில் படுக்கை, குளியலிடம், சமைக்கும் வசதியோடு முந்நூறுக்கும் மேற்பட்ட ஓய்வில்லங்களை நாடெங்கும் அமைத்திருக்கின்றன. நெடுஞ்சாலைகளில் ஆயிரம் ஓய்வு மையங்கள் என்று பிரதமர் 2024 பிப்ரவரியில் அறிவித்தார். விடுதிகளில் ஓட்டுநர்களுக்குத் தனித் தங்குமிடம் கட்டாயம் என்று தமிழ்நாடு 2023இல் கட்டட விதிகளைத் திருத்தியது. ‘வழியிடம்’ என்ற பெயரில் கேரள உள்ளாட்சிகள் சாலையோரக் கழிப்பறைகளைக் கட்டின. இவற்றை எல்லையில் ஒன்றாக இணைப்பதுதான் பாக்கி.

வாளையாறும் கஞ்சிக்கோடும் அடங்கிய பாலக்காடு மாவட்டத்துப் புதுச்சேரி ஊராட்சி, குமுளி ஊராட்சி, கம்பம்மெட்டு இருக்கும் கருணாபுரம் ஊராட்சி ஆகியவை, இரவில் வெறுமனே கிடக்கும் பங்க் முற்றங்கள், கல்யாண மண்டப வளாகங்கள், எடைமேடைத் திடல்களைப் பதிவு செய்து இரவு நிறுத்தமாக அறிவிக்கலாம். மலையில் சரிவு அபாயமில்லாத நிலத்தை மட்டும் புவியியல் துறை பார்த்துச் சொல்லட்டும். கட்டணத்தை ஊராட்சி நிர்ணயிக்க வேண்டும். விளக்கு, காவலாள், கழிப்பறைக்கு ஆகும் செலவில் கேரவன் வாங்குவோருக்கு அறிவித்த மானியம்போல ஒரு பங்கை அரசு ஏற்க வேண்டும். இடம் தருபவருக்கு வரிச் சலுகையும், திருட்டு வழக்குகளில் அலைக்கழிப்பிலிருந்து பாதுகாப்பும் வேண்டும். கேரவனில் வரும் குடும்பமும் அங்கேயே கட்டணம் கட்டி மின் இணைப்பு எடுத்துக்கொள்ளலாம்.

கோவை, தேனி, பாலக்காடு, இடுக்கி மாவட்ட ஆட்சியர்கள் நால்வரும் சபரிமலைப் பருவத்துக்கு முன் போக்குவரத்து மாற்றம் பற்றிப் பேசும்போது, இரவு நிறுத்தங்களின் பட்டியலையும் முடிவு செய்து தமிழிலும் மலையாளத்திலும் வெளியிட வேண்டும். வேன் பேசி மலைக்குப் போகும் குழுக்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: வாடகையோடு ஓட்டுநரின் ஓர் இரவுத் தங்கலுக்கும் சேர்த்துப் பணம் எடுத்துவையுங்கள், அவர் உறங்கி எழுந்த பிறகு மலையிறங்குங்கள்.