பிள்ளைகளின் தூக்கமும் பெற்றோர்களின் மூடத்தனமும்

நமது நாட்டில் ஒரு பிள்ளை ராத்திரியில் புரண்டு புரண்டு படுத்து, திடுக்கிட்டு அலறி, பகலில் பள்ளிக்கூடத்தில் ஓரிடத்தில் நிலையாய் உட்காராமலும், சொன்னதைக் கவனியாமலும் இருக்குமானால், அதற்கு நம்மவர்கள் கண்டுபிடிக்கும் காரணங்கள் மூன்றேதான். காற்றுக் கருப்புப் பட்டுவிட்டது, கிரகம் சரியில்லை, அல்லது பிள்ளை அடங்காப்பிடாரி. முதலாவதற்கு மந்திரவாதியின் வேப்பிலையும், இரண்டாவதற்கு ஜோசியனின் பரிகாரமும், மூன்றாவதற்கு அடியும் மருந்தாகக் கருதப்படுகின்றன. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை அடிக்கக்கூடாதென்று 2009ம் வருஷத்துக் கல்வியுரிமைச் சட்டம் சொல்லிவிட்டது. வீட்டுக்குள் கை நின்றபாடில்லை. மதத்தின் பேரால் ஆயிரம் சண்டை போட்டுக்கொள்ளுகிறவர்கள்கூட, பிள்ளைக்குக் கயிறு மந்திரித்துக் கட்டுகிற விஷயத்தில் மாத்திரம் வெகு ஒற்றுமையாய் இருக்கிறார்கள்! ஆனால் அந்தப் பிள்ளை எப்படித் தூங்குகிறது, எத்தனை மணி தூங்குகிறது என்று கேட்பவர் யார்?

பெரியவனுக்குத் தூக்கம் கெட்டால் கொட்டாவி விட்டுக்கொண்டு மூலையில் சாய்கிறான். பிள்ளையோ பல சமயங்களில் அப்படிச் சாய்வதில்லை. ஓடுகிறது, பக்கத்துப் பையனைக் கிள்ளுகிறது, ஒன்றுமில்லாததற்கெல்லாம் அழுகிறது. கவனம் மாத்திரம் ஒன்றிலும் நிற்பதில்லை. தூக்கமில்லாத பிள்ளை துடியான பிள்ளையைப் போல் தோன்றுவதினாலேயே இவ்வளவு ஏமாற்றமும் ஏற்படுகின்றது.

குறட்டையையே எடுத்துக்கொள்ளுவோம். "எங்கள் பையன் குறட்டை விட்டு நன்றாய்த் தூங்குகிறான்" என்று பெருமை பேசும் தாய் தகப்பன்மார் அநேகர். எப்போதோ சளி பிடித்த சமயத்தில் வரும் குறட்டையைப் பற்றி நாம் பேசவில்லை. தினந்தோறும் வாயைத் திறந்துகொண்டு குறட்டை விடும் பிள்ளைக்குத் தொண்டையில் டான்சிலும், மூக்கின் பின்புறத்தில் அடினாய்டு என்ற சதையும் வீங்கியிருக்கக்கூடும். படுத்தவுடன் மூச்சு வழி குறுகுகிறது. சில விநாடி மூச்சு நின்றே போகிறது. மூளை பதறி விழித்து மூச்சை இழுக்கிறது. இப்படி ஒரு ராத்திரியில் பல தடவை நடந்தும், காலையில் பிள்ளைக்கு ஒன்றும் ஞாபகமிருப்பதில்லை. வாயால் மூச்சு விட்டு, ராத்திரியில் குறட்டையும் புரளலுமாயிருக்கும் பிள்ளையைத்தான் பள்ளிக்கூடத்தில் மந்தமென்றும் சோம்பேறியென்றும் சொல்லுகிறார்கள் என்று வில்லியம் ஹில் என்ற டாக்டர் 1889லேயே பிரிட்டிஷ் வைத்தியப் பத்திரிகையில் எழுதிவிட்டார். நூற்றுமுப்பது வருஷத்திற்கு மேலாகியும் நம் ஊரில் அந்தப் பிள்ளைக்கு "மக்கு" என்ற பட்டந்தான் கிடைக்கிறது.

அறுவை செய்துவிட்டால் பிள்ளை உடனே மேதாவியாகிவிடும் என்றும் நாம் சொல்ல வரவில்லை. அமெரிக்காவில் நடத்திய ஒரு பெரிய பரிசோதனையின் முடிவு 2013ல் வெளிவந்தது. சதையை எடுத்த பிள்ளைகளுக்குத் தூக்கமும் நடத்தையும் நல்லபடி திருந்தின. ஆனால் கவனத்தை அளக்கும் பரீட்சையில் மற்றப் பிள்ளைகளைவிடப் பெரிய வித்தியாசம் காணப்படவில்லை. உள்ளதை உள்ளபடி சொல்லுவதுதானே வைத்தியத்துக்கும் மந்திரத்துக்கும் உள்ள பேதம்?

இன்னும் சில உண்டு. ராத்திரியில் ஆசனவாயில் வந்து முட்டையிடும் கீரிப்பூச்சியின் அரிப்பு தூக்கத்தைக் கெடுக்கிறது. இதற்கு ஒரு மாத்திரையும், இரண்டு வாரம் கழித்து இன்னொன்றும் போதும். ரத்தத்தில் இரும்புச் சத்துக் குறைந்தால் சில பிள்ளைகளுக்குக் காலில் இனம் தெரியாத குடைச்சல் கண்டு கால் சும்மா இருப்பதில்லை. இவற்றில் எதற்குக் கோழி அறுக்க வேண்டும்?

நிற்க, கவனமின்மை முழுவதும் தூக்கக் கேட்டினால் வருவதல்ல. டாக்டர்கள் ஏ.டி.எச்.டி. என்று சொல்லும் கோளாறு மெய்யாகவே உண்டு. பெரும்பாலும் பிறவியோடு வருவது. தாயின் வளர்ப்புக் குற்றமுமல்ல. அதற்குப் பயிற்சியும் மருந்தும் உண்டு. அந்தப் பிள்ளைகளிலும் அநேகருக்குத் தூக்கம் சரியாயிருப்பதில்லை. பொழுது சாய்ந்து கொடுத்தால் மருந்தே தூக்கத்தைக் கெடுப்பதும் உண்டு. ஆகவே எது காரணம் எது காரியம் என்று பிரித்துப் பார்க்கப் படித்த டாக்டர் வேண்டும். ஜில்லா அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனால் காசில்லாமலே பார்க்கிறார்கள்.

இவையெல்லாம் நோய்கள். நோயே இல்லாத பிள்ளையின் தூக்கத்தையும் பறிக்க நம்மவர்கள் ஒரு சாஸ்திரம் வைத்திருக்கிறார்கள். அதுதான் பிரம்ம முகூர்த்தம். விடியற்காலை 4 மணிக்குப் படித்தால் மனதில் பசுமரத்தாணி போல் பதியுமாம்! பதிய வைப்பதே தூக்கந்தான். பகலில் படித்ததை மூளை நிலைப்படுத்துவது பெரிதும் தூங்கும்போதுதான். 13 முதல் 18 வயதுப் பிள்ளைகளுக்கு 8 முதல் 10 மணி நேரமும், 6 முதல் 12 வயதுக்கு 9 முதல் 12 மணி நேரமும் தூக்கம் வேண்டுமென்று அமெரிக்கத் தூக்க வைத்தியர்கள் சங்கம் 2016ல் அறிவித்தது. மார்க்கு வியாபாரம் செய்யும் விடுதியொன்றில் ராத்திரி 11க்குப் படுக்கவிட்டு 4க்கு எழுப்பினால், பிள்ளைக்குக் கிடைப்பது 5 மணி நேரம். குறைந்த அளவுக்குப் பார்த்தாலும் நாளொன்றுக்கு 3 மணி கடன். ஆறு நாளில் 18 மணி! இதை யார் எப்பொழுது திருப்பிக் கொடுப்பது? அந்த வயதில் தூக்கம் வரும் நேரமே இயற்கையாய்த் தள்ளிப்போகிறது என்பதை அறிந்து, கலிபோர்னியா மாகாணத்தில் உயர்நிலைப் பள்ளிகள் காலை 8.30க்கு முன் தொடங்கக் கூடாதென்று 2019ல் சட்டம் செய்து, 2022 முதல் அமலுக்குக் கொண்டு வந்தார்கள். இங்கேயோ முகூர்த்தம் பார்த்து எழுப்பிய பிள்ளை வகுப்பில் தூங்கி விழுந்தால் அதை நிறுத்தி வைத்துத் தண்டிக்கிறார்கள்.

அடுத்த பெற்றோர் கூட்டத்திற்குப் போகும் தோழர்கள், மார்க்கைப் பற்றிக் கேட்பதற்கு முன்பாக, விடுதியில் விளக்கு எத்தனை மணிக்கு அணைக்கப்படுகிறது, காலையில் எத்தனை மணிக்கு மணி அடிக்கப்படுகிறது என்ற இரண்டு கேள்விகளையும் எழுத்து மூலமாய்க் கேட்டு, பதிலையும் எழுத்து மூலமாகவே வாங்கும்படி வேண்டிக்கொள்ளுகிறோம்.