தீ வைத்தவனைக் காட்டிக் கொடுப்பது யார்?

துப்பறியும் கதை என்றால் நம்மவர்களுக்கு என்றுமே பிரியம். முன்பு மாத நாவல், இப்போது கைபேசி. பங்காருபேட்டையில் ரயில் ஏறுகிறவர்கள் பெங்களூரில் இறங்குவதற்குள் ஒரு தொடரில் ஒரு பாகத்தைப் பார்த்து முடித்து விடுகிறார்கள். உண்மைச் சம்பவம் என்று போட்டுவிட்டால் ருசி இன்னும் அதிகம்.

அப்படி ஒரு தொடர் 'ஸ்மோக்'. 2025 ஜூன் மாதம் ஆப்பிள் டிவியில் வந்தது. ஊரில் அடுத்தடுத்துத் தீப்பிடிக்கிறது. தீ வைத்தவனைத் தேட வந்த அதிகாரியே தீ வைக்கிறவன் என்று கதை திரும்புகிறது.

இது வெறும் கற்பனை அல்ல. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் கிளெண்டேல் நகரத் தீயணைப்புப் படையில் கேப்டனாக இருந்தவர் ஜான் ஆர். தீ வைப்பு வழக்குகளைத் துப்பு துலக்குவதே அவர் வேலை. 1984 அக்டோபர் 10-ந் தேதி தெற்கு பாசடேனாவில் ஒரு பெரிய கடை எரிந்தது. ஒரு சிறு குழந்தை உள்பட நான்கு பேர் மாண்டனர். மின்கோளாறு என்று முதலில் எழுதி முடித்தார்கள்.

1987-ல் பேக்கர்ஸ்பீல்டு நகரில் கடைகளில் தீப்பிடித்தபோது, பாதி எரிந்த ஒரு காகிதத்தில் கைரேகை கிடைத்தது. தீயணைப்பு அதிகாரிகளின் மாநாடு நடக்கும்போதெல்லாம், அந்த வழியில் உள்ள ஊர்களில் தீப்பிடிப்பதை மார்வின் கேசி என்ற அதிகாரி கவனித்தார். "நம்மவர்களில் ஒருவனா? இருக்காது" என்று மற்றவர்கள் ஒதுக்கிவிட்டார்கள். 1991-ல்தான் அந்த ரேகை ஜான் ஆருடையது என்று தெரிந்தது. 1998-ல் நான்கு கொலைகளுக்காக அவருக்கு வெளியே வர முடியாத ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

பார்க்க விறுவிறுப்புதான். ஆனால் இதைப் பார்த்துவிட்டு, கெட்டிக்கார அதிகாரி ஒருவர் வந்தால் போதும், குற்றவாளி அகப்படுவான் என்று நாம் நினைத்துக்கொண்டால் அது தவறு. நம் பக்கத்து வழக்குகள் வேறு பாடம் சொல்கின்றன.

இரண்டு தீ

2000-ம் ஆண்டு பிப்ரவரி 2-ந் தேதி. ஜெயலலிதாவுக்கு ஒரு வழக்கில் தண்டனை அறிவிக்கப்பட்டதும் தமிழ்நாட்டில் மறியல் நடந்தது. தருமபுரி அருகே இலக்கியம்பட்டியில், கோவை வேளாண்மைப் பல்கலைக்கழக மாணவிகள் வந்த பஸ்சுக்குத் தீ வைத்தார்கள். மூன்று மாணவிகள் கருகி மாண்டனர்.

அதற்கு 38 நாட்கள் கழித்து, மார்ச் 11-ந் தேதி, நமது கோலார் மாவட்டத்தில் சிந்தாமணி தாலுகா கம்பாலபள்ளி கிராமத்தில் வீட்டுக்குத் தீ வைக்கப்பட்டது. ஏழு தலித் மக்கள் உயிரோடு எரிந்தனர். சிந்தாமணி இன்று சிக்கபள்ளாப்பூர் மாவட்டத்தில் இருக்கிறது. அன்று நம் மாவட்டம்தான்.

இரண்டும் பட்டப்பகலிலும் பலர் முன்பும் நடந்த காரியங்கள் போலவே ஊரறிந்தவை. கைரேகை தேட வேண்டிய அவசியம் இல்லை. பார்த்தவர்கள் இருந்தார்கள். ஆனாலும் இரண்டு வழக்கிலும் சாட்சிகள் பிறழ்ந்தார்கள்.

தருமபுரி வழக்கில், பலியான ஒரு மாணவியின் தந்தை சென்னை ஐகோர்ட்டுக்குப் போனார். விசாரணையை முதலிலிருந்து நடத்தும்படி உத்தரவாகி, வழக்கு சேலத்துக்கு மாறியது. 2007-ல் அ.தி.மு.க.வினர் மூவருக்குத் தூக்குத் தண்டனையும், வேறு 25 பேருக்குச் சிறைத் தண்டனையும் கிடைத்தன. 2016-ல் சுப்ரீம் கோர்ட்டு தூக்கை ஆயுளாகக் குறைத்தது. 2018-ல் மூவரும் முன்கூட்டியே விடுதலையானார்கள். அந்த விடுதலை சரியா என்பது வேறு கேள்வி. குற்றம் நிரூபணமானது என்பது நிலைத்துவிட்டது.

கம்பாலபள்ளி வழக்கில் 2006-ல் குற்றம் சாட்டப்பட்ட அனைவரும் விடுதலையானார்கள். 2014-ல் கர்நாடக ஐகோர்ட்டும் அதை உறுதி செய்தது. ஏழு பேர் எரிந்தது உண்மை. எரித்தவர் யார் என்பதற்குச் சட்டத்தில் விடை இல்லை.

கோர்ட்டைக் குறை சொல்லிப் பயனில்லை. சாட்சியம் இல்லாமல் தண்டிக்கக் கூடாது. ஜான் ஆர் போன்ற அதிகாரியும் உலகத்தில் உண்டு என்னும்போது, அதிகாரி சொல்லிவிட்டார் என்பதற்காக ஒருவனைச் சிறைக்கு அனுப்ப முடியுமா?

சாட்சியையும் எளிதில் குறை சொல்லிவிடக் கூடாது. மாணவிகள் படிப்பு முடிந்து தத்தம் ஊருக்குப் போய்விடுவார்கள். கம்பாலபள்ளியில் சாட்சி சொன்னவன் அதே ஊரில், அதே தெருவில் வாழவேண்டும். கூலி வேலையும் அங்கேதான். அவனுக்குக் காவல் யார்?

2007-ல் பாலாஜி சக்திவேல் எடுத்த 'கல்லூரி' படம் தருமபுரிக் கொடுமையை நினைவூட்டி நம்மை அழ வைத்தது. படம் தீயோடு முடிந்தது. அதன் பிறகு சாட்சிக் கூண்டில் ஏறியவர்களின் கதையை யாராவது எடுத்தால், அதுதான் நமக்கு வேண்டிய படம்.

நமக்கென்ன என்று இருக்கலாமா?

வெளிமாநிலத்தில் பிழைக்க வந்தோம், நமக்கேன் வம்பு என்று சொல்வது நம்மவர் வழக்கம். 2016 செப்டம்பர் 12-ந் தேதி காவிரிக் கலவரத்தில் பெங்களூரில் ஒரே இடத்தில் 40-க்கும் மேற்பட்ட தமிழ்நாட்டு நிறுவன பஸ்களை எரித்தார்கள். தீ யார் வீட்டு வாசலில் நிற்கும் என்று முன்கூட்டித் தெரியாது.

சட்டம் இப்போது சில கதவுகளைத் திறந்திருக்கிறது. சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தை 2018-ல் சுப்ரீம் கோர்ட்டு ஏற்று, நாடு முழுவதும் நடைமுறைப்படுத்தச் சொன்னது. மிரட்டல் இருந்தால் சாட்சி மனு கொடுக்கலாம். மாவட்ட நீதிபதி தலைமையிலான குழு அதைப் பரிசீலிக்க வேண்டும். 2024 ஜூலை முதல் அமலில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, பத்தாண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய வழக்குகளில் போலீசார் அழைத்து வரும் சாட்சியின் வாக்குமூலத்தை மாஜிஸ்திரேட்டே பதிவு செய்ய வேண்டும். பிறகு மிரட்டி மாற்றுவது அவ்வளவு சுலபமல்ல.

கன்னடம் தெரியாதே என்று தயங்க வேண்டாம். கோர்ட்டில் தமிழிலேயே சாட்சி சொல்லலாம். வேறு மொழியில் எழுதப்பட்டதை நமக்குப் புரியும்படி விளக்கிச் சொல்லுமாறு கேட்கும் உரிமை உண்டு.

ஆனால் திட்டம் காகிதத்தில் இருந்தால் போதாது. எத்தனை பேர் மனுச் செய்தார்கள், எத்தனை பேருக்குக் காவல் கிடைத்தது என்று மாவட்டந்தோறும் ஆண்டுக்கு ஒரு முறை அரசு வெளியிட வேண்டும். நமது தொழிற்சங்கங்களும் தமிழ்ச் சங்கங்களும் பொங்கல் விழா எடுப்பதோடு நிற்காமல், சாட்சி சொல்லப் போகிறவனோடு கோர்ட்டு வரை நாலு பேரை அனுப்ப வேண்டும். ஒரு நாள் கூலி போனால் அதை ஈடுகட்ட வேண்டும்.

தொடரில் வரும் அதிகாரி கடைசிப் பாகத்தில் குற்றவாளியைப் பிடித்துவிடுவார். நம் ஊரில் அந்த வேலை, பார்த்ததைப் பார்த்தபடி சொல்லத் துணிந்த ஒரு சாதாரண மனிதனிடம் இருக்கிறது. அவனைத் தனியாக விட்டுவிடக் கூடாது.