ஸாய் குழி: எரு இல்லாமல் வெட்டினால் வீண்

கேள்வி: ஆப்பிரிக்காவில் கட்டாந்தரையாகக் கிடந்த நிலத்தில் சின்னச் சின்னக் குழி வெட்டியே சோளம், கம்பு விளைவிக்கிறார்களாமே? குழி வெட்டினால் மட்டும் மண் திருந்திவிடுமா?

பதில்: திருந்தாது. குழியோடு எருவும் சேர்ந்தால்தான் பலன்.

புர்கினா ஃபாசோ நாட்டின் வடக்கே, யாதெங்கா பகுதியில் இந்த முறைக்கு ‘ஸாய்’ என்று பெயர். அங்கே மழை ஜூனிலிருந்து செப்டம்பர் வரைதான். 1970, 80-களின் வறட்சியில் மேல்மண் போய், நிலம் ஓடுபோல இறுகிவிட்டது. பெய்த கொஞ்ச மழையும் உள்ளே இறங்காமல் வழிந்தோடியது. பலர் ஊரைக் காலி செய்து போனார்கள்.

கௌர்கா கிராமத்து விவசாயி யாகூபா சவாடோகோ போகவில்லை. முன்னோர் வெட்டிய சிறு குழிகளையே 1980 வாக்கில் அகலமாகவும் ஆழமாகவும் வெட்டி, உள்ளே எருவைப் போட்டார். அதுவும் மழைக்கு முன்பே, கோடையில். ஊரார் பைத்தியம் என்றார்கள். அவர் வளர்த்ததற்குத் தீயும் வைத்தார்கள். அவர் நிறுத்தவில்லை. 1984 முதல் சந்தை நாள் வைத்து, வந்தவர்களுக்கு முறையைச் சொல்லிக்கொடுத்தார். 2018-ல் ‘மாற்று நோபல்’ எனப்படும் ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தது. 2023 டிசம்பரில் காலமானார்.

குழி ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடுதலான அகலம், அரைச் சாண் முதல் ஒரு சாண் வரை ஆழம். தோண்டிய மண்ணைச் சரிவின் கீழ்ப்பக்கம் பிறைபோல அணைத்துவிடுகிறார்கள். வழிந்து வரும் தண்ணீர் குழியில் தேங்கும். உள்ளே ஒன்றிரண்டு கைப்பிடி மட்கிய எரு. எரு வாசனைக்குக் கரையான் வரும். கரையானைப் பார்த்தாலே மருந்தைத் தேடுவோம். ஆனால் அங்கே வேலையில் பாதி அதனுடையது. அது குடையும் துளைகள் வழியாகத்தான் தண்ணீர் இறுகிய மண்ணுக்குள் ஆழமாக இறங்குகிறது. முதல் மழைக்கு முன்பாகவோ, பெய்தவுடனோ விதைக்கிறார்கள். நைஜரிலும் புர்கினா ஃபாசோவிலும் நடந்த ஆய்வுகளில், வெறும் குழியில் விளைச்சல் சொற்பம். எரு போட்ட குழியில்தான் கதிர் பிடித்தது. ஈரம் இருந்தும் சத்து இல்லையென்றால் பயிர் என்ன செய்யும்?

சிக்கல் ஆள் கூலியில்தான். ஏக்கருக்கு 4,000 குழிக்குக் குறையாது. வெட்ட 120 மணி நேரமாவது ஆகும்; மண் கெட்டியானால் இன்னும் கூடும். ஒருவர் தினம் ஆறு மணி நேரம் வெட்டினால் 20 நாள். வயதானவர்கள் மட்டும் இருக்கும் வீட்டாலும், மாடு ஆடு இல்லாத வீட்டாலும் இது எளிதில் முடியாது. அங்கே இளைஞர்கள் குழுவாகச் சேர்ந்து வெட்டிக்கொடுப்பது இதனால்தான். இன்னொன்றும் நடந்தது. தரிசு பயிர் நிலமாகித் தேறியதும், இரவல் கொடுத்த சொந்தக்காரர் திருப்பிக் கேட்டார். வெட்டியவர் கை வெறுங்கையானது.

மணல் நிலத்தில் குழி சரிந்து தூர்ந்துவிடும். மழை அதிகமான இடத்தில் தண்ணீர் நின்று வேர் அழுகும். இறுகிய, மழை குறைந்த நிலத்துக்கே இது பொருந்தும். அடுத்த ஆண்டு புதிதாக வெட்ட வேண்டியதில்லை. பழைய குழியிலேயே எருவைச் சேர்த்து விதைக்கலாம்.