வாய் பேச வராத பிள்ளைக்கும் சொல்ல நிறைய இருக்கு!

தோழர்களே, திங்கட்கிழமை திண்டுக்கல் ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்குப் போயிருக்கீங்களா? அங்கே குறையைச் சொல்லவே வாய் வேணும். பேச்சு வராத பிள்ளை என்ன செய்யும்?

சென்னையில் உருவான 'ஆவாஸ்' செயலியில் படத்தைத் தொட்டால் டேப்லெட் பேசும். "தண்ணி வேணும்", "வயிறு வலிக்குது" என்று தமிழிலேயே சொல்லும்.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பேச்சு, மொழிக் குறைபாட்டை 21 வகைகளில் ஒன்றாகச் சேர்த்தது. அப்படின்னா சக்கர நாற்காலி போல, பேசும் கருவியும் சலுகை அல்ல, உரிமை.

கருவி மட்டும் போதாது; பழக்கிவிட பேச்சுப் பயிற்சியாளர் வேணும். நத்தத்திலும் வேடசந்தூரிலும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறும் தாய்க்கு, அந்தப் பயிற்சி உள்ளூர் அரசு மருத்துவமனையிலேயே கிடைக்கணும். இதுவே நம் கோரிக்கை.

உங்க தெருவில் அப்படியொரு பிள்ளை இருந்தால், வர்ற திங்கட்கிழமை அந்தத் தாயோடு நீங்களும் மனுவோடு நில்லுங்க!