ஒரு பெட்டி, இரண்டு குடித்தனம்

சித்தூரில் எங்கள் வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் தெலுங்கு. யாருக்கும் தலை சுற்றியதில்லை. ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் என்றால் மட்டும் ஆளாளுக்குப் பதறுகிறார்கள். இத்தனைக்கும், பக்கத்தில் தமிழக அரசு 2011இல் கொடுக்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினியிலேயே விண்டோஸோடு சி-டாக்கின் பாஸ் லினக்ஸும் இருந்தது. அதைத் திறந்து பார்த்த பிள்ளைகள் எத்தனை பேரோ!

திருப்பதியில் இன்ஜினியரிங் படிக்கும் அக்கா மகன் போன மாதம் லினக்ஸ் போட்டான். மறுநாள் விண்டோஸில் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்கி நின்றது. வைரஸாம், ஃபார்மட் செய்யச் சொன்னாராம் கடைக்காரர். வைரஸும் இல்லை, மண்ணும் இல்லை. மதர்போர்டு கடிகாரத்தில் லினக்ஸ் உலகப் பொது நேரத்தை எழுதி வைக்கிறது. விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று படிக்கிறது. லினக்ஸ் டெர்மினலில் ஒரே ஒரு கட்டளை கொடுத்தான், சரியாகிவிட்டது.

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. பழைய மடிக்கணினியைக் காயலான் கடைக்குப் போடுமுன், ஒரு பென்டிரைவிலிருந்து லினக்ஸை ஓட்டிப் பாருங்கள். ஹார்டு டிஸ்க்கைத் தொடவே வேண்டாம். பிடித்துப்போய்ப் பக்கத்திலேயே குடிவைப்பதானால், முதலில் கல்யாண ஃபோட்டோக்களை வேறொரு டிஸ்க்கில் நகலெடுங்கள். பார்ட்டிஷன் பிரிக்கையில் கை தவறினால், ஏழுமலையானே இறங்கி வந்தாலும் மீட்டுத் தருவது கஷ்டம்.